கடன் அடைக்கத் திட்டம் போடுவது எப்படி: 12,600 ரூபாயில் ஒரு வீட்டுக் கணக்கு

கைக்கு வரும் சம்பளம் 42,000. வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 12,600. மாதம் கட்டவேண்டிய தவணையும் வட்டியும் 19,420. இந்தக் கணக்கு எந்த மாதமும் உதைக்கும். துண்டு விழும் 6,820 ரூபாயைக் கிரெடிட் கார்டு தாங்கிக்கொள்ளும். அடுத்த மாதம் அந்தப் பணத்துக்கும் வட்டி ஏறும். கடன் முற்றிப்போன மாதச் சம்பளக்காரர் வீடுகள் பலவற்றில் நிலவரம் இதுதான். ஊதாரித்தனம் எங்கே நடந்தது என்று வீட்டுக்குள் தேடிச் சண்டை போடுவதற்கு முன்னால் இந்தத் துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இது அடைபடாத வரை எத்தனை கடனை அடைத்தாலும் புதிதாக ஒன்று முளைத்துக்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரில் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு எல்லா வங்கிகளோடும் பேசி, தாங்கக்கூடிய தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறது. நம் ஊரில் மாவட்டந்தோறும் உள்ள நிதிக் கல்வி மையங்களில் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்காக ஐந்து இடங்களில் பேரம் பேச அவர்கள் வரமாட்டார்கள். திட்டத்தை நாமே போட்டு, நாமேதான் பேசவேண்டும். மேலே சொன்ன வீட்டையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

எல்லாக் கடனும் ஒரே தாளில்

நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். முதலில் ஒன்றை எடுங்கள். போன் வாங்கும்போது போட்ட தவணை, மறந்துபோன 'இப்போது வாங்கு, பிறகு கொடு' கணக்கு, மச்சானுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் அதில் தெரியும்.

அறிக்கையில் வராதவையும் உண்டு: கைமாத்து, வட்டிக்கு வாங்கியது, ஆபீஸ் அட்வான்ஸ், மளிகைக் கடை பாக்கி. ஏலச்சீட்டில் ஏலம் எடுத்துவிட்டீர்கள் என்றால் மீதித் தவணை முழுக்கக் கடன்தான். எடுக்காத சீட்டு சொத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வட்டியை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். 'மூணு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். பைக் பைனான்ஸில் 'ஃபிளாட் 10 சதவீதம்' என்பார்கள். மூன்று வருடத் தவணையில், குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் அது 18 சதவீதத்தை ஒட்டி வரும். தண்டலில் 10,000 என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். 'பதினைந்து சதவீதம்தானே' என்று தோன்றும். அசல் தினம் தினம் குறைவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டும்.

நம் உதாரண வீட்டின் தாள்:

கிரெடிட் கார்டு: நிலுவை 1,10,000, மாதம் 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5,500
தனிநபர் கடன்: நிலுவை 2,40,000, 15 சதவீதம், தவணை 8,200, இன்னும் 37 மாதம்
செயலிக் கடன்: நிலுவை 18,000, 36 சதவீதம், தவணை 3,320, இன்னும் 6 மாதம்
நகைக்கடன்: 90,000, 12 சதவீதம், மாத வட்டி 900
வெளியே வாங்கியது: 50,000, மூணு வட்டி, மாதம் 1,500
நண்பரிடம் கைமாத்து: 30,000, வட்டி இல்லை

மொத்தம் 5,38,000. இந்தத் தாளை வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதவேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் மறைத்து வைத்த கடன்தான் மூன்றாவது மாதத்தில் திட்டத்தை உடைக்கும்.

கார்டு எப்படித் தின்கிறது

1,10,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 3,850. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 693. ஆக 4,543. நீங்கள் குறைந்தபட்சத் தொகையாக 5,500 கட்டினால் அசலில் கழிவது 957 ரூபாய். அந்த மாதம் 957 ரூபாய்க்கு மேல் கார்டைத் தேய்த்தால் கடன் கூடிவிட்டது என்று பொருள். அது மட்டுமில்லை: பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, மளிகைக்குத் தேய்த்த 2,000 ரூபாய்க்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். 'மாதம் தவறாமல் மினிமம் கட்டுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது' என்பவர்களின் குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஆகவே திட்டத்தின் முதல் நாள் வேலை கார்டை நிறுத்துவது. கத்தரியால் வெட்டினால் மட்டும் போதாது. யுபிஐ செயலியில் இணைத்த ரூபே கார்டை நீக்குங்கள். கடைச் செயலிகள் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழியுங்கள். ஓடிடி, போன் பில் ஆகியவற்றுக்குக் கொடுத்த தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்யுங்கள். வங்கிச் செயலியில் ஆன்லைன், கடைப் பயன்பாடு இரண்டையும் அணைத்து வைக்கும் வசதி இருக்கும், அணையுங்கள். கார்டு வரம்பைக் குறைக்கச் சொல்லியும் கேளுங்கள், ஏனென்றால் கட்டக் கட்ட வரம்பு திறந்துகொண்டே வரும், 'உங்கள் வரம்பு உயர்ந்துள்ளது' என்ற குறுஞ்செய்தியும் சரியாகப் பணமுடை வரும் வாரத்தில் வரும்.

வீட்டுச் செலவில் ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்

வாடகை 9,000, மளிகை, பால், காய்கறி 9,000, பள்ளி 3,500, கரண்ட், கேஸ், போன் 2,600, பெட்ரோல், பஸ் 2,400, மருந்து 1,000, காப்பீடு 900, விசேஷம் 1,000. மொத்தம் 29,400.

பள்ளிக் கட்டணம் ஜூனில் மொத்தமாக வரும், தாளில் பன்னிரண்டால் வகுத்து எழுதவேண்டும். 'விசேஷம்' என்ற வரியைப் பலர் அடித்துவிடுவார்கள். அடிக்கக்கூடாது. தீபாவளி வரும், உறவில் கல்யாணம் வரும், உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதிய மொய் நோட்டு இருக்கிறது, அதில் ஆயிரம் வைத்தவருக்கு நீங்கள் ஐந்நூறு வைக்க முடியாது. அது எழுதப்படாத கடன். தாளில் இடம் கொடுக்காவிட்டால் அந்த மாதத் தவணைப் பணம் மொய்க் கவருக்குள் போகும்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மளிகையை 9,000-லிருந்து 5,000 ஆக்குவேன் என்று எழுதுவது ஆர்வக்கோளாறு. இரண்டு மாதம் தாங்கும். கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்த்து உண்மையில் எவ்வளவு போனதோ அதை எழுதுங்கள், அதிலிருந்து நூறு, இருநூறாகக் குறையுங்கள். 42,000-லிருந்து 29,400 போனால் 12,600. திட்டம் முழுவதும் இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. கடன் கொடுத்தவர் போனில் எவ்வளவு அதட்டினாலும் இந்த எண் மாறாது. மாறினால் அரிசிப் பானையில்தான் கை வைக்கிறீர்கள்.

எதை முதலில் அடைப்பது

அதிக வட்டியா, சின்னக் கடனா என்று பட்டிமன்றம் நடத்துவார்கள். கணக்குப்படி அதிக வட்டிதான். ஆனால் அதற்கு முன் ஒரு சல்லடை உண்டு: தவறினால் எது உடனே கடிக்கும்? வீட்டுக்கடன், பிழைப்புக்கு ஓட்டும் வண்டியின் கடன், வெற்றுக் காசோலை கொடுத்து வாங்கியது, ஏலத் தேதி நெருங்கும் நகை, வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரர். இவை முதலில். மகளிர் குழுக் கடனையும் இங்கேயே வையுங்கள். நீங்கள் தவறினால் பக்கத்து வீட்டு அக்கா உங்கள் பங்கைக் கட்டும்படி ஆகும், அந்த உறவு பிறகு ஒட்டாது. மிஞ்சியவற்றை வட்டி வரிசையில் அடுக்குங்கள்.

இனி வேலை: 19,420-ஐ 12,600-க்குள் கொண்டுவருவது.

உதாரண வீட்டில் அடகிலிருக்கும் நகையின் இன்றைய மதிப்பைப் பார்க்கிறோம். அடகு வைத்த பிறகு தங்கம் விலை ஏறியிருந்தால் கடன் தொகைக்கும் நகை மதிப்புக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். விற்றால் கடைக்காரர் கழிவு போக 1,68,000 வருகிறது என்று கொள்வோம். 90,000 அடகுக்குப் போய் மீதம் 78,000. அதில் மூணு வட்டிக் கடன் 50,000 தீரும். செயலிக் கடன், முன்கூட்டி முடிக்கும் கட்டணத்தோடு சுமார் 19,000. மிச்சம் 9,000. மாதச் சுமையில் 900, 1,500, 3,320 மூன்றும் ஒரே வாரத்தில் இறங்கின; ஆக 5,720 குறைந்தது.

நகையை விற்கச் சொன்னால் வீட்டில் முகம் சுருங்கும். அடகுக் கடையில் கிடக்கும் நகைக்கு மாதம் 900 கொடுத்துக்கொண்டு, வெளியே மூணு வட்டி கட்டுவதைவிட விற்பது மேல் என்பதே எங்கள் கருத்து. தாலிக்கொடியும் பிள்ளை பேரில் உள்ள நகையும் இந்தக் கணக்கில் வரவேண்டாம் என்றால் அதுவும் நியாயமே. அந்த அளவுக்குத் திட்டம் சில மாதம் நீளும், அவ்வளவுதான். 'அடகு நகையை மீட்டு வாங்குகிறோம்' என்பவர்களிடம் போனால், கல் எடை கழித்த நிகர எடை, காரட், கிராமுக்குப் பிடிக்கும் விலை மூன்றையும் தாளில் எழுதி வாங்கிய பிறகே அடகுச் சீட்டைக் கையில் கொடுங்கள். விற்காமல் ஏலம் வரை விட்டுவிட்டீர்கள் என்றாலும், கடனும் செலவும் போக ஏலத்தில் மிஞ்சும் பணம் உங்களுக்குச் சேரவேண்டியது; கேட்டு வாங்குங்கள்.

அடகு வைக்காத நகை வீட்டில் இருந்தால் வேறு வழி இருக்கிறது. 1,10,000-ஐ 10 சதவீத நகைக்கடனில் வாங்கிக் கார்டை முடித்தால் மாத வட்டி 4,543-லிருந்து 917 ஆக இறங்கும். எல்ஐசி பாலிசியின் சரண்டர் மதிப்பின் மேல் வாங்கும் கடனும் இதே ரகம். ஆனால் கார்டை மூடாமல் இதைச் செய்தவர் வீட்டில் ஒரு வருடம் கழித்து நகைக்கடனும் இருக்கும், கார்டுக் கடனும் இருக்கும்.

அடுத்து கார்டு. நிலுவையைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 36 மாதம், 18 சதவீதம் கிடைத்தால் தவணை 3,977. வட்டிக்கான ஜிஎஸ்டி முதல் மாதம் 297, பிறகு குறைந்துகொண்டே போகும். 4,274 என்று வைத்துக்கொள்வோம். செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டி முடித்தால் என்ன பிடிப்பார்கள், ஒரு தவணை தவறினால் பழைய வட்டிக்குத் திரும்புமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். வாடிக்கையாளர் சேவையில் முதலில் எடுப்பவர் சொல்லும் விகிதமே கடைசி விகிதம் என்று எண்ண வேண்டாம். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டால் குறைவதும் உண்டு.

இப்போது 4,274-ம் 8,200-ம் சேர்ந்து 12,474. கையில் 126 ரூபாய் மிச்சம். கணக்கு ஒத்துவந்துவிட்டது என்று இங்கே நிறுத்தினால் முதல் காய்ச்சலுக்கே திட்டம் படுத்துவிடும். தனிநபர் கடனின் காலத்தை நீட்டிக்கக் கேட்கவேண்டியது இந்தக் கட்டத்தில். 37 மாதத்தை 60 ஆக்கினால் தவணை 5,710 ஆகக் குறையும், ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ 42,000 கூடுதல் வட்டி. 48 ஆக்கினால் தவணை 6,680, கூடுதல் வட்டி 20,000-ஐ ஒட்டி. மூச்சு விட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் நீட்டுங்கள். 48 போதும். மாதம் 1,646 மிஞ்சும். 1,000 நண்பருக்கு, முப்பது மாதத்தில் அவர் பணம் தீரும். 646, நகை விற்ற 9,000-த்தோடு சேர்ந்து அவசரப் பணமாக நிற்கும். வட்டியில்லாமல் கொடுத்தவர் என்பதற்காக நண்பரைக் கடைசியில் தள்ளிவிட்டு வாயே திறக்காமல் இருப்பதுதான் பலர் செய்யும் தவறு. 'மாதம் ஆயிரம், இத்தனாம் தேதி' என்று சொல்லி அதன்படி கொடுத்தால் அடுத்த முறை பார்க்கும்போது தலை குனிய வேண்டியதில்லை.

நிதி நெருக்கடியைக் காட்டிக் காலத்தை நீட்டினால் சிபில் அறிக்கையில் 'மறுசீரமைக்கப்பட்டது' என்று பதிவாகலாம். கொஞ்ச காலம் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். கடனில் மூழ்கியிருப்பவருக்கு அது அவ்வளவு பெரிய நஷ்டமும் இல்லை.

வங்கியிடம் கேட்கும் விதம்

தவணை தவறுவதற்கு முன் கேளுங்கள். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்குப் பிறகு உங்களோடு பேசுவது கிளை மேலாளராக இருக்காது. கிளைக்கு நேரில் போங்கள், கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். போனில் ஒப்புக்கொண்டது எதுவும் கணக்கில் சேராது. கடிதம் இப்படி இருக்கலாம்:

'எனது தனிநபர் கடனில் இதுவரை 23 தவணைகள் கட்டியுள்ளேன். 37 தவணைகள் மீதி. என் நிகரச் சம்பளம் 42,000, அத்தியாவசியச் செலவு 29,400. எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் 12,600-க்கு மேல் என்னால் கட்ட இயலாது. வரவு செலவுத் தாளும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் இணைத்துள்ளேன். மீதிக் காலத்தை 48 மாதமாக்கி, தவணையை 6,680 ரூபாயாக மாற்றித் தரவும், தவணைத் தேதியை 5-லிருந்து 10-ஆம் தேதிக்கு மாற்றவும் கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் தரவேண்டுகிறேன்.'

அம்மாவின் ஆபரேஷன், அண்ணன் ஏமாற்றியது எல்லாம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அதிகாரிக்குத் தேவை எண்.

தேதி மாற்றத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 7-ஆம் தேதி சம்பளம் வாங்குபவருக்கு 5-ஆம் தேதி தவணை இருந்தால் மாதாமாதம் பவுன்ஸ். கடன் கொடுத்த நிறுவனமும் கட்டணம் பிடிக்கும், உங்கள் கணக்கு இருக்கும் வங்கியும் பிடிக்கும், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. கார்டுக்கும் பில் சுழற்சியை மாற்றிக் கேட்கலாம். கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் கார்டில் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. கடன்களைப் பொறுத்தவரை, தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து அதன் மேலும் வட்டி போடக்கூடாது என்பது 2023-இல் வந்த உத்தரவு. கணக்கு அறிக்கையில் அப்படிப் பிடித்திருந்தால் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. சம்பளம் வரும் வங்கியிலேயே கார்டும் கடனும் இருந்தால், தவறிய பாக்கியைச் சேமிப்புக் கணக்கிலிருந்து வங்கி ஈடுகட்டிக்கொள்ள முடியும். காலையில் சம்பளம் வந்து மாலையில் பாதியாக நிற்கும். வாடகைக்கும் அரிசிக்கும் ஆன பணத்தை, எந்தக் கடனும் இல்லாத வேறு வங்கிக் கணக்குக்குச் சம்பளம் வந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

வங்கி மறுத்தாலோ 30 நாளில் பதில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. ஆனால் கடன் காலத்தை நீட்டுவது வங்கியின் வணிக முடிவு, அதைச் செய்யச் சொல்லி ஒம்புட்ஸ்மேன் கட்டாயப்படுத்த மாட்டார். தவறான கட்டணம், வசூல் அடாவடி, பதில் தராமை போன்றவற்றுக்கே அந்தக் கதவு.

வசூல் ஆட்கள்

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. உறவினருக்கும் அலுவலகத்துக்கும் போன் போட்டு மானத்தை வாங்கக்கூடாது. நுண்கடன் நிறுவனங்களுக்கு இன்னும் இறுக்கம்: காலை 9 முதல் மாலை 6 வரை மட்டும், அதுவும் பேசி வைத்த பொது இடத்தில், அங்கே நீங்கள் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். கூப்பிட்டவர் பெயர், ஏஜென்சி, நேரம் மூன்றையும் நோட்டில் குறியுங்கள், அழைப்பைப் பதிவு செய்யுங்கள். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: 'மாதம் இவ்வளவு கட்டுகிறேன், கடிதம் இந்தத் தேதியில் கொடுத்திருக்கிறேன்.' அதற்கு மேல் வாக்குவாதம் வேண்டாம். 'நாளைக்குள் கட்டிவிடுகிறேன்' என்ற வாய்ப்பேச்சு வாக்குறுதிதான் அடுத்த நாள் பத்து அழைப்புகளாகத் திரும்பி வரும்.

வாட்ஸ்அப்பில் 'கைது வாரண்ட்' என்று ஒரு தாள் வரலாம். வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் போனது மட்டும் குற்றம் ஆகாது. அது சிவில் விவகாரம். காசோலை திரும்பினால் கதை வேறு. அது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு. தானியங்கித் தவணைப் பிடித்தம் பணமின்றித் திரும்பினாலும் அதே போன்ற பிரிவு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. காசோலை திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அந்தக் கவரைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்துவிடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நிஜமான சம்மன், மத்தியஸ்த நோட்டீஸ் எதையும் தவிர்க்காதீர்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

செயலிக் கடனில் முதலில் பார்க்கவேண்டியது, பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர். கடன் ஒப்பந்தத்தில் அது இல்லை, ஏழு நாளில் இரட்டிப்பாகக் கேட்கிறார்கள், படத்தை மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள் என்றால் அது கடன் இல்லை, பறிப்பு. ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடி கேட்பார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்துவிட்டு, போனில் உள்ளவர்களுக்கு 'என் பெயரில் தப்பான செய்தி வரலாம்' என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். எஸ்.பி. அலுவலகத்திலோ, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். வட்டிக்காரரிடம் அசலைத் திருப்பும்போது கையெழுத்துப் போட்ட புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் அதே இடத்தில், அதே நிமிடம் வாங்க வேண்டும். 'வீட்டில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன்' என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். பகுதிப் பணம் கொடுத்தால் நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இந்த நெருக்கடியில் உயிரே வேண்டாம் என்று தோன்றினால் 104 அல்லது 14416-க்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

செட்டில்மெண்ட், மஞ்சள் கடுதாசி

வருமானமே நின்றுபோய் 12,600-க்குப் பதில் மூவாயிரம்தான் மிஞ்சுகிறது என்றால் தவணைத் திட்டம் உதவாது. மொத்தமாக ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளும் செட்டில்மெண்ட் பேசலாம். கணக்கு வாராக்கடன் ஆன பிறகே வங்கி இதற்கு இறங்கி வரும், தொகையும் ஒரே முறையாகவோ மூன்று நான்கு தவணையாகவோ கையில் இருக்கவேண்டும். வங்கியின் லெட்டர்பேடில் கடன் எண், தொகை, கடைசித் தேதி, 'மீதி முழுவதும் தள்ளுபடி' என்ற வரி எல்லாம் வந்த பிறகே பணம். கடன் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். ஏஜெண்டின் கூகுள் பே எண்ணுக்குப் போன பணம் போனதுதான். அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்பதற்குப் பதில் 'செட்டில்டு' என்று நிற்கும், குறைந்தது 12 மாதத்துக்கு அதே வங்கி புதுக் கடன் தராது. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

'தவணையை நிறுத்துங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கட்டணம் வாங்கும் நிறுவனங்களிடம் கவனம். நிறுத்திய நாளிலிருந்து ஏறும் வட்டியும் வரும் வழக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

ஊரில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்பது இன்னும் வசவுதான். சட்டப்படி அது நீதிமன்றத்தில் போடும் திவால் மனு. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். சொத்து நீதிமன்றம் நியமிக்கும் அதிகாரியின் கைக்குப் போகும், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மற்ற எல்லாக் கதவும் மூடிய பிறகு வக்கீலோடு உட்கார்ந்து பேசவேண்டியது.

மாதாமாதம்

சம்பளம் வந்த மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கடனின் புது நிலுவையை நோட்டில் எழுதுங்கள். போனஸோ அரியரோ வந்தால் பாதியை அதிக வட்டியுள்ள கடனின் அசலில் போடுங்கள், கால்வாசியை அவசரப் பணத்தில். தனிநபர் கடனில் பகுதிப் பணம் கட்டக் கட்டணம் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நிலையான வட்டிக் கடன்களில் பெரும்பாலும் இருக்கும். ஒரு மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்து தட்டினால் அவசரப் பணத்தை எடுங்கள், கார்டைத் திறக்காதீர்கள். தவணையை விட்டே ஆகவேண்டும் என்றால் எந்தக் கடனை விடுவது என்பதை முன்னே சொன்ன சல்லடைப்படி முடிவு செய்து, கெடுவுக்கு முன்பே அங்கே எழுதிச் சொல்லுங்கள்.

ஒரு கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். தானியங்கிப் பிடித்த அனுமதியை ரத்து செய்யச் சொல்லுங்கள். முடிந்த கடனுக்கு ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்துவிட்டுத் திருப்பித் தர இழுத்தடிப்பது உண்டு. வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாளில் மூடவேண்டும், தவறினால் நாளுக்கு 500. இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை மறுபடி எடுத்து, அந்தக் கடன் 'முடிக்கப்பட்டது' என்று வந்திருக்கிறதா, நிலுவை பூஜ்யமா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் அந்தத் தளத்திலேயே மறுப்புப் பதிவு செய்யலாம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேரவேண்டும்.